ஜூலை முதல் தேதிக்கு ஒரு ஹோட்டல் அறை

அத்தியாயம் 14

போன வாரம் மிரேயைச் சமையலறை வாசலில், காதில் கைபேசியோடு நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். கைபேசியில் மாண்ட்ரியலிலிருந்து அவள் அப்பா ஃபெர்னான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பெல்வில் ஊரிலுள்ள வீட்டின் பின்புற மரத்தளத்தில், மாமியார் கிளெண்டா. அப்பா ஜூலை ஒன்றாம் தேதி வீடு மாற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். மாமியார் அதே தேதியில் அதே ஊருக்கு உல்லாசப் பயணம் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். மாண்ட்ரியலின் வெர்டன் பகுதியில், மூன்றாவது மாடியில், முப்பது வருஷமாகக் குடியிருக்கும் ஃபெர்னானை, தன் மகளுக்கு வீடு வேண்டும் என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் வேறு வீடு பார்த்து முடிப்பதற்குள், சாமான் ஏற்றும் ஆட்களை எல்லாம் ஊரார் வளைத்துப் போட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு ஈஸ்டர் சமயத்தில் இடுப்பில் ஆபரேஷன். தலையணைகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அப்போதுதான் மருமகப்பிள்ளை கர்ட்டிஸ் அவர் தோளில் கை போட்டு, "நான் எதுக்கு இருக்கேன் மாமா? ஒண்ணாம் தேதி நான் வந்து நிப்பேன்" என்று வாக்குக் கொடுத்தான்.

அந்த வாக்கின் கதிதான் இன்றைய கதை.

"கர்ட்டிஸ் முந்தின நாள் வெள்ளிக்கிழமையே வந்துடுவானாம்மா?" என்று ஃபெர்னான் கேட்டார். "லாரி ஒண்ணாம் தேதி காலையிலயே வந்துடும். ஃபிரிட்ஜை முதல்ல இறக்கணும். அதுதான் பெரிய தலைவலி."

"வந்துடுவான்பா."

"இன்னிக்கு அங்க தந்தையர் தின விருந்துதானே? போ, போய்ச் சாப்பிடு. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லு" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

வாழ்த்துச் சொல்வதற்குத்தான் அவள் கூப்பிட்டாள். அதைச் சொல்லவே மறந்துவிட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். மாமனார் டக் பார்பிக்யூ அடுப்பின் முன்னால் நின்று இறைச்சித் துண்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருடைய தினம் என்று பெயர்; வேலை செய்கிற ஒரே ஆளும் அவர்தான். மேசையில் கிளெண்டா, பக்கத்தில் மகள் கெண்ட்ரா, எதிரே மகன் கர்ட்டிஸ். கர்ட்டிஸ் உருளைக்கிழங்கு சாலட்டில் இருந்து வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தான். மனைவி வந்ததைப் பார்த்ததும் அந்த வெங்காயத்தின் மேல் அவனுக்குத் திடீரென்று அக்கறை கூடிவிட்டது.

"வா மைரல், உட்காரு. உங்க ஊரைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்" என்றாள் கிளெண்டா.

கல்யாணமாகி எட்டு வருஷம். மருமகளின் பெயரை ஒரு தரம்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. முதல் இரண்டு வருஷம் மிரேய் திருத்திப் பார்த்தாள். பிறகு, அந்த மைரல் யாரோ, அவள் பாடு மாமியார் பாடு என்று விட்டுவிட்டாள்.

"முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் மாமனாரோட வேன்ல கிளம்பறோம். சனிக்கிழமை காலையில பழைய நகரத்துல குதிரை வண்டி சவாரி. மத்தியானம் கடைத்தெரு. ராத்திரி வாணவேடிக்கை. கனடா தினமாச்சே, ஊரே சிவப்பும் வெள்ளையுமா ஜேஜேன்னு இருக்கும்" என்று கிளெண்டா மேசையை விரலால் தட்டித் தட்டிச் சொன்னாள்.

குதிரை வண்டியை அந்த ஊரில் நிறுத்தி வருஷக்கணக்காகிறது. மிரேய் சொல்லவில்லை. தேடட்டும். இரண்டு தெரு நடந்து குதிரையைத் தேடினால் கொழுப்பாவது குறையும்.

"பேகலும் வாங்கணும்மா. அங்க பேகல் விசேஷம். விறகு அடுப்புல சுடுவாங்க" என்றாள் கெண்ட்ரா. மாண்ட்ரியலை இவள் பார்த்தது ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில். அதிலும் பாதி நாள் பஸ்ஸுக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள். இன்றைக்கு அந்த ஊரைப் பற்றி அங்கே பிறந்தவளுக்கே வகுப்பு எடுக்கிறாள்.

"ஓட்டை போட்ட ரொட்டிக்கு அவ்ளோ தூரமா?" என்று அடுப்பிலிருந்து டக் கேட்டார்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு சாண்ட்விச் வாங்கித் தரேன்" என்று கிளெண்டா அவரை அடக்கிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "அங்க கடைக்காரங்க கிட்டல்லாம் நீ பேசு மைரல். நாங்க பேசினா விலையை ஏத்திடுவாங்க. எப்பவும் அந்த பிரெஞ்சு பாஷையில நம்மளைப் பத்தித்தான் ஏதோ பேசிக்கிற மாதிரியே இருக்கும் எனக்கு."

பேசத்தான் பேசுகிறார்கள் என்று சொல்ல மிரேய்க்கு நாக்கு துடித்தது. அதைவிட முக்கியமான வேலை இருந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். வெங்காயம் தீர்ந்துவிட்டது, இப்போது அவன் முட்டைத் துண்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தான். அவன் வாயைத் திறப்பான் என்று அவள் பொறுத்துப் பார்த்தாள். கொழுக்கட்டை வைத்த வாய் எங்கே திறக்கும்? கடைசியில் அவளே சொன்னாள்.

"ஒண்ணாம் தேதி அப்பா வீடு மாத்தறார். கர்ட்டிஸும் நானும் சாமான் இறக்கப் போறோம். ஏப்ரல்லயே பேசி வச்சது."

"அட, அதுக்கென்ன, அடுத்த வாரம் மாத்திக்கச் சொல்லு. நாலு மூட்டையைத் தூக்க நாள் நட்சத்திரமா பாக்கணும்?" என்றாள் கிளெண்டா.

"மாத்த முடியாது கிளெண்டா. அங்க வாடகை ஒப்பந்தம் எல்லாம் அன்னிக்குத்தான் முடியும். அப்பா இறங்கினாத்தான் வர்றவங்க ஏற முடியும். அவங்க இறங்கினாத்தான் அவங்க வீட்டுக்கு வேற ஆள் ஏற முடியும். ஊர்ல பாதிப் பேர் அன்னிக்குத் தெருவுலதான் இருப்பாங்க. கட்டில், மெத்தை, அடுப்பு எல்லாம் நடைபாதையில கிடக்கும். நீங்க வேனை நிறுத்த இடமே கிடைக்காது."

கிளெண்டா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு வாய் விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் கையிலிருந்த எலுமிச்சைச் சாறு மேசைத் துணியில் கொட்டியது.

"ஒரு ஊரு மொத்தமும் ஒரே நாள்ல வீடு மாத்துதாம். அதுவும் கனடா தினத்தன்னிக்கு. ஏம்மா, உங்க ஊர்ல யோசிக்கிற ஆளே கிடையாதா? நாள் பூரா ஒருத்தர் சோபாவுல இன்னொருத்தர் இடிச்சிக்குவாங்களா?"

கெண்ட்ராவும் சிரித்தாள். டக் இறைச்சியைத் திருப்புகிற சாக்கில் முதுகைக் காட்டிச் சிரித்தார்.

"நான் பொய் சொல்லல" என்றாள் மிரேய்.

"பொய்யின்னு யாரும்மா சொன்னா? கொஞ்சம் பெரிசு பண்ணிச் சொல்றே. இவன் அங்க நாலு வருஷம் படிச்சவன்தானே." கிளெண்டா மகன் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, நிஜமாவா?"

இதோ வந்துவிட்டது. எட்டு வருஷக் குடித்தனத்தில் கர்ட்டிஸுக்கு இவ்வளவு சுலபமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

ஏனென்றால் அவனும் மிரேயும் சந்தித்ததே ஒரு ஜூலை முதல் தேதியில்தான். கல்லூரிக்காரன், மூட்டை முடிச்சோடு ஃபெர்னான் வீட்டுக்குக் கீழ்மாடிக்குக் குடி வந்தான். தெருவையொட்டி வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டில் அவனுடைய சோபா மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அதற்குள் இரண்டு குடும்பங்கள் கீழே கட்டிலோடு நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தன. ஃபெர்னான்தான் மேலிருந்து இறங்கி வந்து, சோபாவின் கால்களைக் கழற்றி, மகளை ஒரு முனை பிடிக்கச் சொல்லி, அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தார். துணி துவைக்கும் இயந்திரத்தைத் தன் முதுகிலேயே கட்டித் தூக்கினார். யார் எவன் என்று கேட்கவில்லை. அந்த இடுப்புதான் இப்போது ஆபரேஷன் ஆகிக் கிடக்கிறது.

கர்ட்டிஸ் முட்டைத் துண்டை வாயில் போட்டு மென்றான்.

"கொஞ்சப் பேர் மாத்துவாங்கம்மா. அங்கங்க" என்றான்.

 மிரேய்க்குக் கோபம்கூட உடனே வரவில்லை. இவனா இப்படிச் சொல்கிறான் என்ற ஒரு திகைப்புதான் வந்தது.

"பாத்தியா?" என்றாள் கிளெண்டா, வென்றுவிட்ட குரலில். "அங்கங்க."

மிரேய் தண்ணீரைக் குடித்து டம்ளரை வைத்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "சரி, இப்படிச் செய்யலாமே. எட்டாம் தேதி போகலாம். ஒரு வாரம்தானே."

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்றாள் கெண்ட்ரா, பட்டர் டார்ட் என்ற இனிப்புப் பலகாரத்தை எடுத்துக்கொண்டே. "எனக்கும் எட்டாம் தேதிதான் லீவு வசதி. கர்ட்டிஸ்தான் கேக்கல. ஒண்ணாம் தேதியேதான்னு ஒத்தைக் கால்ல நின்னான். மே மாசமே ரூம் போட்டுட்டான். இப்ப மாத்தினா பணம் திரும்ப வராது."

மிரேய் கணவன் பக்கம் திரும்பினாள். கெண்ட்ரா எதையோ மிதித்துவிட்டோம் என்று புரிந்துகொண்டு டார்ட்டை மடமடவென்று தின்றாள்.

"நீயா நாள் சொன்னே?" என்றாள் மிரேய்.

கர்ட்டிஸ் முகத்தில் ஈயாடவில்லை. "அது... விலை கம்மியா இருந்துச்சு" என்றான்.

மாமியார் பாவம். கிளெண்டாவைப் பற்றி மிரேய் இப்படி நினைத்தது இதுதான் முதல் தடவை. இந்த அரைமணி நேரமாக அவள் மேல் ஊற்றிய வெறுப்பில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. திட்டம் எல்லாம் மகனுடையது. ஃபிரிட்ஜுக்குப் பயந்து ஓடுகிறவன், அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, 'அம்மா ஆசைப்பட்டாங்க, நான் என்ன பண்றது' என்று கடைசி நாளில் கையை விரிக்கத் தயாராக இருந்திருக்கிறான்.

அவள் எழுந்து வீட்டின் பக்கவாட்டுக்குப் போனாள். அவன் பின்னாலேயே வந்தான். அந்த மட்டுக்கும் அறிவு இருந்தது.

"இங்க பாரு மிரேய், கத்தாதே."

"நான் கத்தலியே."

"மூணாவது மாடியிலேந்து ஃபிரிட்ஜை இறக்கறதுன்னா என்னன்னு உனக்கே தெரியும். என் முதுகு சரியில்ல."

"வியாழக்கிழமை வியாழக்கிழமை சாஃப்ட்பால் ஆடற முதுகா?"

"அது வேற, இது வேற. உங்கப்பா காசு குடுத்து ஆள் வச்சுக்கலாம்ல?"

"ஆள் இல்லைன்னுதான் நீ வரேன்னே. அவர் கேக்கல. நீயா சொன்னே."

அவன் தோட்டக் குழாயைக் காலால் நகர்த்தினான். "சரி, ஒண்ணு பண்ணலாம். சனிக்கிழமை மத்தியானம் அவங்க கடைத்தெருவுக்குப் போறப்போ, நான் ஒரு எட்டு வந்து எட்டிப் பாத்துட்டுப் போறேன்."

"எட்டிப் பாப்பே."

"ஏதாவது சின்ன சாமான் இருந்தாத் தூக்கறேன்."

ஆபரேஷன் அன்றைக்கும் இப்படித்தான். ஆபீஸில் தலைபோகிற கூட்டம் என்றான். மிரேய் தனியாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். மயக்கம் தெளிந்ததும் ஃபெர்னான் முதலில் கேட்டது, "கர்ட்டிஸ் சாப்பிட்டானா?" என்று. அன்றைக்கும் அவள் மாமியாரைத்தான் மனசுக்குள் திட்டினாள். வளர்ப்பு சரியில்லை, அம்மா பிடியில் இருக்கிறான், இவன் நல்லவன்தான், வெளியே வந்தால் சரியாகிவிடுவான் என்று எட்டு வருஷம் இவனுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். இப்போது பார்த்தால் இவனை யாரும் பிடித்து வைத்திருக்கவே இல்லை.

"அம்மாகிட்ட ஏன் அங்கங்கன்னு சொன்னே?"

"சண்டை வேணாம்னுதான்."

"என்னைப் பைத்தியக்காரியாக்கினா சண்டை வராதா?"

அவன் தோட்டக் குழாயை மறுபடியும் காலால் தள்ளினான்.

"ஒரே ஒரு காரியம் பண்ணு கர்ட்டிஸ்" என்றாள். "ஃபிரிட்ஜ் தூக்க வேணாம். மாண்ட்ரியலுக்கே வர வேணாம். இப்ப அங்க போயி, மிரேய் சொன்னது நிஜம், ஒண்ணாம் தேதியைத் தேர்ந்தெடுத்தது நான்தான், மாமாவுக்கு வரேன்னு சொல்லிட்டு ஏமாத்தினேன்னு அவங்க மூணு பேர் முன்னாடியும் சொல்லு. அது போதும் எனக்கு."

"அவ்ளோதானே?" என்றான். அவன் முகத்தில் உண்மையாகவே நிம்மதி தெரிந்தது. "சொல்லிடறேன். இதுக்குப் போய்."

அவன் போனான். அவள் சுவரோரமாகவே நின்றாள். ஃபிரிட்ஜைக்கூட அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள்; எப்படியாவது லாரிக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி இறக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு வாக்கியத்தை அவன் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம், அழலாம், திட்டலாம், நாளைக்குச் சமைக்கலாம். மனசார அவள் அதைத்தான் வேண்டிக்கொண்டாள்.

மரத்தளத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"என்னடா, என்ன சொல்றா?" என்றது கிளெண்டாவின் குரல்.

"ஒண்ணுமில்லம்மா. அவ அப்பாவை நினைச்சுக் கொஞ்சம் டென்ஷன் ஆயிட்டா" என்றான் கர்ட்டிஸ். பிறகு கேட்டான்: "அந்த டார்ட் இன்னும் இருக்கா?"

மிரேய் வாசல் பக்கமாக நடந்து காரில் போய் உட்கார்ந்தாள்.  அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, வாழ்த்துச் சொல்ல மறந்துட்டேன்."

"அதுக்கா திரும்பக் கூப்பிட்டே? நானே மறந்துட்டேன். சரி, கர்ட்டிஸ்கிட்ட கையுறை எடுத்துட்டு வரச் சொல்லு. அந்தப் படிக் கைப்பிடி துருப்பிடிச்சுக் கிடக்கு, கையைக் கிழிச்சிடும். அவனுக்குப் பிடிச்ச பீர் வாங்கி வச்சுட்டேன்."



"அப்பா, லாரி புது வீட்டுக்குப் போறப்போ, அதுல இன்னும் ரெண்டு பெட்டிக்கு இடம் இருக்குமா?"

"யாரோட பெட்டி?"

"என்னோடது."

 அந்தப் பக்கம் ஃபெர்னானின் பழைய சுவர்க்கடிகாரச் சத்தம் கேட்டது. அதை இன்னும் கட்டி வைக்கவில்லை போலிருக்கிறது.

"இடத்துக்கு என்னம்மா" என்றார் அவர். "அந்தச் சின்ன ரூம்ல அலமாரியை வைக்காம விட்டுடறேன்."

அவள் கைபேசியை வைத்தபோது கார் ஜன்னலுக்கு வெளியே கிளெண்டா நின்றுகொண்டிருந்தாள். கையில் வெள்ளித்தாளில் சுற்றிய இறைச்சி. எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. பிரெஞ்சில் பேசியதால் புரிந்திருக்காது என்று மிரேய் நினைத்தாள். ஆனால் எந்தப் பாஷையிலும் சில முகங்கள் புரிந்துவிடும்.

கண்ணாடியை இறக்கினாள்.

"கெண்ட்ரா சொன்னா" என்றாள் கிளெண்டா. "அவ ஹோட்டல்காரன்கிட்ட இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டா. அந்தத் தேதியிலயா வர்றீங்க, வேன் எல்லாம் எடுத்துட்டு வராதீங்க, தெரு பூரா மெத்தையா கிடக்கும்னு அவனே சொன்னானாம்."

 மன்னிப்பு என்ற சொல்லை மாமியார் வாயிலிருந்து எதிர்பார்த்து மிரேய் உட்கார்ந்திருக்கவில்லை.

"சின்ன வயசுல, அவங்கப்பா கராஜ் சுத்தம் பண்ற அன்னிக்கெல்லாம் இவனுக்கு வயித்து வலி வந்துடும்" என்றாள் கிளெண்டா. "சாயங்காலம் ஐஸ்கிரீம்னா சரியாப் போயிடும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான்தான் ஐஸ்கிரீம் குடுத்தேன். நீ இப்பத்தான் கண்டுபிடிச்சியா? எட்டு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தே?"

"உங்களைத் திட்டிட்டிருந்தேன்" என்றாள் மிரேய்.

கிளெண்டாவின் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. சிரிப்பா, வேறு எதுவுமா என்று சொல்ல முடியாது. இறைச்சிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக மருமகள் மடியில் வைத்தாள். பின்பக்கமிருந்து கர்ட்டிஸ் ஏதோ சொல்லிக் கெண்ட்ரா சிரிக்கும் சத்தம் வந்தது.

"வேனை எடுத்துட்டுத்தான் வருவோம்" என்றாள் கிளெண்டா. "பின் சீட்டை மடிச்சா நிறைய இடம் இருக்கு. உங்கப்பா வீட்டுக்குக் கொண்டு போக உன் பெட்டி எத்தனை?"

மிரேய் நிமிர்ந்து பார்த்தாள். மாமியாரின் கண்ணில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுகிறவளின் கணக்குதான் இருந்தது.

"ரெண்டு" என்றாள்.

கிளெண்டா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். நாலு அடி போனவள் நின்றாள்.

"ஹோட்டல்ல உங்க ரெண்டு பேர் ரூமை கர்ட்டிஸ் ஒருத்தனுக்குன்னு மாத்தச் சொல்லிடவா, மிரேய்?"

"சொல்லிடுங்க."